மூன்று பேருக்குத் தண்ணீர்

படகில் நான்கு பேர். தண்ணீர் மூன்று பேருக்குத்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் இறங்கிக்கொள்ள வேண்டும். யாரும் தள்ளிவிடக் கூடாது, அவராகவே இறங்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை சடகோபன் இதைச் சொன்னபோது, இந்த மனிதர் எப்போதிலிருந்து கதை கட்ட ஆரம்பித்தார் என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் தோன்றியது. அவர் நெடும்பயண மையத்தின் தலைவர். மூன்று வருஷம் பத்து மாதமாக அவள் நடத்திவரும் ஆட்டத்தைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "பசங்க சந்தோஷமா இருக்காங்களா?" அவள் "இருக்காங்க சார்" என்பாள். அவரும் போய்விடுவார்.

"நல்ல முடிச்சுதான் சார்," என்றாள் இப்போது. "ஆனா வெளிய வர ஒரே வழிதான் இருக்குன்னா ஆட்டம் செத்துரும். நான் எப்பவும் குறைஞ்சது மூணு வழி வைப்பேன்."

"இதுக்கு ஒரே வழி போதும்," என்றார் சடகோபன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அவளுடைய வேலை விசித்திரமானது. சனிக்கோளின் டைட்டன் நிலவுக்குப் போய்க்கொண்டிருக்கும் கப்பலில் நான்கு பேர் இருந்தார்கள். ஒரே அறை, ஒரே முகங்கள், வருஷக்கணக்கான பயணம். மனிதர்கள் அப்படி இருந்தால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிவிடுவார்கள் என்று மையத்துக்குத் தெரியும். படம், புத்தகம், உடற்பயிற்சி எல்லாம் ஆறு மாதத்தில் சலித்துவிட்டது. சலிக்காமல் நின்றது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம் மட்டும்தான். ஆளுக்கொரு பாத்திரம், ஒரு நீண்ட கதை, பகடை. என்ன செய்வது என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள்; என்ன நடந்தது என்று நடத்துகிறவர் சொல்வார். நடுநடுவே பகடை தன் பங்குக்குக் குழப்பம் செய்யும்.

ஆனால் அவள் பேசுவது அங்கே போய்ச் சேர ஒரு மணி பதினெட்டு நிமிடம் ஆகும். பதில் வர அதே அளவு. கூடவே உட்கார்ந்து நடத்த வழியில்லை. அதனால் வாரம் ஓர் அத்தியாயத்தை எழுதி, மூடிய கவர்களாக அனுப்புவாள். வடக்கே போனால் நான்காம் கவரைப் பிரி, காவலாளியோடு சண்டை போட்டால் ஏழாம் கவரைப் பிரி, இப்படி. சனிக்கிழமைதோறும் கப்பலில் சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தங்களைக் கட்டிக்கொண்டு, இசக்கிராஜா வாசிக்க, மற்றவர்கள் ஆடுவார்கள். எடையில்லாத இடத்தில் பகடை உருளாது. கண்ணாடிப் புட்டிக்குள் போட்டுக் குலுக்கி, காந்த மூடியில் எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அதுதான் எண். கதையை நடத்துகிறவள் என்பதால் இசக்கி அவளுக்கு வைத்த பெயர் கண்டக்டரக்கா.

இந்தத் தொழிலில் ஒரு பெரிய தலைவலி உண்டு. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கோட்டையைக் கட்டி வைத்திருப்போம். வருகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசலில் மேயும் ஆட்டுக்குப் பெயர் வைத்து அதோடு கிளம்பிப் போய்விடுவார்கள். எதிரே உட்கார்ந்திருந்தால் சமாளித்துவிடலாம். நூற்றுநாற்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் மையம் நிழல்களைச் செய்து கொடுத்தது. நான்கு பேரும் மேசையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும், தயங்கிய ஒவ்வொரு விநாடியையும் கேட்டுக் கேட்டு, இயந்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு நிழலைச் செய்திருந்தது. அத்தியாயத்தை அனுப்பும் முன் அந்த நான்கு நிழல்களையும் உட்கார வைத்து நூறு முறை ஆடவிட்டுப் பார்ப்பாள். போன வருஷம் ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகளில் நாற்பத்தேழு முறை, நிழல் செய்ததையே நிஜமும் செய்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இது ஆட்டத்துக்கு இல்ல, ஜெசிந்தா," என்றார் சடகோபன்.

அவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"ஆக்சிஜன் யூனிட் மூணுல ஒண்ணு மெல்ல அடைச்சுக்கிட்டு வருது. சரிபண்ண முடியாது. டைட்டன்ல பதினாலு மாசம் இருந்துட்டு அவங்க திரும்பினா, நாலு பேருக்கு முந்நூத்தி எண்பத்தெட்டு நாளுக்குண்டான காத்து குறையும். மூணு பேருன்னா பத்தும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அங்க மீட்டர் காட்டற எண் இங்கேருந்து திருத்திப் போகுது."

"டைட்டன்ல நிக்காம, அப்படியே சனியைச் சுத்திக்கிட்டுத் திரும்பிட்டா?"

சடகோபன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நாலு பேரும் உயிரோட வருவாங்க. இருபத்திரண்டு வருஷ உழைப்பு வராது. இன்னொரு கப்பலுக்கு யாரும் அனுமதி தர மாட்டாங்க. டைட்டன்ல நிறுத்தப் பிரேக் போடற கட்டளை இங்கேருந்துதான் போகணும். இன்னும் இருபத்தி ரெண்டு நாள் இருக்கு."

"அதுக்கு இந்தப் படகுக் கதை எதுக்கு?"

"நாங்களே சுமாரா ஒண்ணு எழுதி நிழலை ஓட்டிப் பாத்தோம். நூத்துக்கு எண்பத்தி மூணு தடவை குருஸ் இறங்கிடறார். அவர் அப்படிப்பட்ட ஆளு. உங்களுக்கே தெரியும். ஆனா திடீர்னு உண்மையைச் சொன்னா மத்த மூணு பேரும் உடைஞ்சு போயிடுவாங்க. கதையில ஒரு தடவை அழுது முடிச்சுட்டா, நிஜத்துல தாங்கிக்குவாங்க."

மரியதாஸ் குருஸ், கப்பலின் என்ஜினியர். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், மூன்று வருஷம் சீனியராக இருந்த அவர்தான் அவளை முதன்முதலில் இந்த மேசைக்கு இழுத்துவந்தவர். பயணத்துக்கு நடத்துநர் யார் என்று மையம் தேடியபோது, "ஜெசி வந்தா நான் வாறேன்" என்று அடம்பிடித்தவரும் அவர்தான். அவள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவர் மனைவி கிளாரா அவளுக்கு மதினி.

"என்னால முடியாது சார்."

"நான் ராட்சசன் இல்லம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "நீங்க எழுதலேன்னா உங்க நடையில வேற ஒருத்தர் எழுதுவார். நாலு வருஷப் பக்கங்கள் எங்ககிட்ட இருக்கு. ஆனா நீங்க எழுதினா கொஞ்சம் வலிக்காம இருக்கும்."

வெளியே போய் யாரிடமாவது சொல்லலாம். ஆதாரம் எங்கே? அவள் வாய் மட்டும்தான். மனஅழுத்தம், பாவம், நாலு வருஷமா நிழல்களோட பேசிப் பேசி இப்படி ஆயிட்டாங்க என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குள் வேறொருவரின் படகு கிளம்பிப் போயிருக்கும். சனிக்கிழமைக்குள் தருவதாக ஒப்புக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று மாலைக்குள் எழுதி முடித்தாள். உப்புத்தீவுகளிலிருந்து தப்பிய நால்வர், உடைந்த குடங்கள், கரை தெரியாத கடல். எழுதுவது சுலபமாகவே வந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள். வெள்ளிக்கிழமை காலை நிழல்களை உட்கார வைத்து ஓட்டினாள். எண்பத்தொரு முறை குருஸின் நிழல் இறங்கியது. பத்து ஓட்டங்களைக் காதால் கேட்டாள். பத்திலும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். ஒன்றில், "என் பங்குத் தண்ணிய மெஹருக்குக் குடுத்துருங்க, அவ பேச்சை நிப்பாட்ட மாட்டா, தொண்டை வறண்டுரும்" என்றார். மெஹருன்னிசா கப்பலின் டாக்டர்.

பதினோராவது ஓட்டத்தைக் கேட்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. குடங்களின் அளவை வாசித்த இடத்தில், குருஸின் நிழல் "சரி, சரி" என்று தாண்டிப் போனது. நிஜ குருஸ் அப்படித் தாண்டமாட்டார். கதையில் வரும் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற ஒரே மனிதர் அவர்தான். பல வாரம் அவளுடைய தப்பைக் கண்டுபிடித்துக் கிண்டல் செய்து அனுப்பியிருக்கிறார். நிழலுக்கு அவர் பேச்சு தெரியும், தயக்கம் தெரியும், சிரிப்பு தெரியும். மேசைக்கு வெளியே அவர் பார்க்கிற இயந்திரத்தைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் அதை மேசையில் ஒரு நாளும் பேசியதில்லை.

பழைய குடங்களை அழித்தாள். மூன்று குடம், அதில் ஒன்று எவ்வளவு ஒழுகுகிறது, ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மிடறு, கரைக்கு எத்தனை நாள். மையத்தின் கோப்பில் இருந்த கப்பலின் ஆக்சிஜன் அளவுகளை அப்படியே தண்ணீராக மாற்றி எழுதினாள். முந்நூற்று எண்பத்தெட்டு என்று எங்குமே எழுதவில்லை. போட்டுப் பார்த்தால்தான் வரும்.

மத்தியானம் சடகோபனே வந்து காகிதத்தில் படித்தார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர், குடங்களின் பட்டியலில் நின்றார். ஜெசிந்தா மேசைக்குக் கீழே இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

"இவ்வளவு எண் எதுக்கு?"

"குருஸ் அண்ணனுக்குக் கணக்கு இல்லேன்னா ஆட்டம் ருசிக்காது சார். பழைய அத்தியாயங்களை எடுத்துப் பாருங்க, எல்லாத்துலயும் இருக்கும்."

"எடுத்து வரச் சொல்றேன்," என்றார். ஆள் போய் எடுத்துவர பத்து நிமிடம் ஆயிற்று. பழைய பக்கங்களில் பட்டியல்கள் இருந்தன. பிறகு தன் ஆட்களை விட்டு நிழல்களை இன்னொரு நூறு முறை ஓட்டச் சொன்னார். ஒரு நிழலும் பட்டியலைக் கண்டுகொள்ளவில்லை. எண்பத்திரண்டு முறை குருஸ் இறங்கினார். சடகோபன் கையெழுத்துப் போட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க," என்றார், மனதாரத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டத்தின் பதிவு வந்தது. பதிவு எப்போதும் முதலில் அவளுக்குத்தான் வரும். ஞாயிறு காலை நான்கு பேரின் குடும்பங்களும் மையத்துக் கூடத்தில் கூடி, டீயும் வடையுமாக அந்த ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்காக அவள் அதை வெட்டித் தொகுத்துத் தர வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதங்களில் கப்பல்காரர்கள் நலம் நலம் என்றுதான் எழுதுவார்கள். சிரித்துப் பேசிப் பார்க்க முடிவது இந்த ஆட்டத்தில் மட்டும்தான்.

காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். இசக்கி அத்தியாயத்தை வாசித்தான். குடங்கள் வந்தன. பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏ ஜெசி," என்றார் குருஸ். ஆட்டத்துக்குள் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இதுல முந்நூத்தி எண்பத்தெட்டு வருது. தப்பு. எங்க கணக்குல முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

அவள் பதிவை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

"மீட்டர் பொய் சொல்லுதுன்னு எட்டு மாசமாத் தெரியும்," என்றார் அவர். "என் மூச்சையே ஒரு பைல ஊதி அளந்து பாத்தேன். நாலு பேரும் உக்காந்து பேசியாச்சு. டைட்டன் வேண்டாம், திரும்பிருவோம்னு முடிவு. ஆனா பிரேக் உங்க கையில இருக்கு."

அடுத்து மெஹருன்னிசாவின் குரல் வந்தது. "வீட்டுக்கு நாங்க எழுதறதுல வேண்டாததை எல்லாம் வடிகட்டிடறாங்கக்கா. இந்தப் பதிவு மட்டும்தான் நேரா உங்ககிட்ட வருது. ஆனா நீங்க யார் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதே? தப்பான ஆள்கிட்டச் சொல்லிட்டா இந்த வழியையும் அடைச்சுருவாங்க. அதனால..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "மன்னிச்சுக்கோங்க. நீங்க எங்களுக்குப் பண்ணதையே நாங்களும் உங்களுக்குப் பண்ணோம். நாலு வருஷமா நீங்க எழுதின எல்லாப் பக்கத்தையும் கப்பல் கம்ப்யூட்டர்ல போட்டு, துளசிமணி உங்க நிழலைச் செஞ்சான், கூடவே எங்க நாலு பேர் நிழலையும். கீழ இருக்கறவங்க ஒருத்தரைச் சாகவிடச் சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு நூறு தடவை ஓட்டினோம். தொண்ணூத்தியொரு தடவை எங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்க."

"ஒன்பது தடவை சொல்லலை," என்றான் கப்பலின் நான்காவது ஆளான துளசிமணி, தூரத்திலிருந்து.

"அதான் நீங்களாச் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தோம். சொல்லிட்டீங்க. இனிமே இதை வெளிய கொண்டுபோறது உங்க பாடு."

ஜெசிந்தா காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். தன்னை யாரோ உட்கார வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பது உடம்பைக் கூசவைத்தது. இதைத்தானே அவர்களுக்கு நாலு வருஷமாகச் செய்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அதையெல்லாம் மீறி உறுத்தியது அந்த ஒன்பதுதான். பயந்தா சொல்லாமல் இருந்தாள்? சடகோபன் ஏதாவது தருவதாகச் சொல்லியா?

ஆட்டம் முடிந்தபின் விதிகளைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் கேட்டு அனுப்ப அவளுக்கு அனுமதி உண்டு; பதிலும் பதிவைப் போலவே நேராக அவளுக்குத்தான் வரும். அன்று இப்படி அனுப்பினாள்: "நூறில் ஒன்பது முறை நடத்துநர் வாய் திறக்காததற்கு விதிப்படி காரணம் என்ன?"

ஞாயிறு காலை பத்தேகாலுக்குப் பதில் வந்தது. கீழே கூடத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மெஹருன்னிசா தாழ்ந்த குரலில் பேசினாள், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"அந்த ஒன்பதுலயும் ஒரே ஒரு வித்தியாசம்தான்க்கா. அந்த ஒன்பது ஓட்டத்துல மட்டும் குருஸ் அண்ணனோட நிழல் உங்ககிட்டத் தனியாப் பேசுச்சு. 'சொல்லாத ஜெசி, நான் இறங்கிக்கிறேன், இத்தனை பேர் உழைப்பை என் ஒருத்தனுக்காகக் கெடுக்காத'ன்னு. ஒன்பது தடவையும் நீங்க அவர் பேச்சைக் கேட்டுட்டீங்க. ஒரு தடவைகூட மறுக்கலை. எங்க முன்னாடி அவரும் திரும்பிரலாம்னுதான் சொல்றார். உங்ககிட்டத் தனியா எதுவும் அனுப்பக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கோம். ஆனா அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் குரல்பதிவுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. பதினோரு நிமிடம் கழித்து வந்தது. அனுப்பியவர் குருஸ். நீளம் நான்கு நிமிடம். தலைப்பு: ஜெசிக்கு மட்டும்.

அவள் விரல் அதன்மேல் போய் நின்றது. அந்த நான்கு நிமிடமும் எப்படி இருக்கும் என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். முதலில் ஏதாவது கிண்டல் செய்வார். அப்புறம் பாளையங்கோட்டை. அப்புறம், தனக்கு ஐம்பத்தி மூணு வயசாச்சு, இசக்கி சின்னப் பையன் என்பார். அழகாகச் சொல்வார். அவர் சொல்லி அவள் கேட்காமல் இருந்தது அவள் வாழ்க்கையிலேயே கிடையாது. கேட்க வேண்டும் என்று ஏக்கமாகவும் இருந்தது. இதற்குமேல் அவர் குரல் அவளுக்கு எப்போது தனியாக வரப்போகிறது? விரலை எடுத்தாள். வெட்டாத சனிக்கிழமைப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கூடத்தில் அறுபது பேர்போல இருந்தார்கள். பின்வரிசையில் சடகோபன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா யாரையும் பார்க்காமல் முன்னால் போய், பதிவை ஓடவிட்டாள். இசக்கி வாசிக்கும்போது அவன் அம்மா வழக்கம்போலச் சிரித்தாள். குடங்கள் வந்தன. குருஸ் பேசினார். சடகோபன் எழுந்து, "நிறுத்துங்க, அதை நிறுத்துங்க" என்று நாற்காலிகளுக்கு நடுவே வரப் பார்த்தார். துளசிமணியின் அண்ணன் எழுந்து குறுக்கே நின்றுகொண்டார். மெஹருன்னிசாவின் குரல் முடியும்வரை எல்லோரும் கேட்டார்கள்.

ஜெசிந்தா மிச்சத்தைச் சொன்னாள். எத்தனை நாள் குறைகிறது, பிரேக் போட இன்னும் பத்தொன்பது நாள் இருப்பது, படகை எதற்காக எழுதச் சொன்னார்கள், நிழல்களை எத்தனை முறை ஓட்டினார்கள், அதில் யார் இறங்கினார். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அதற்குள் பலர் செல்போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இசக்கியின் அம்மா சடகோபனின் சட்டையைப் பிடித்திருந்தாள். இனி அந்தப் பிரேக்கை யாராலும் சத்தமில்லாமல் போட முடியாது.

கிளாரா மட்டும் எழுந்து மெதுவாக அவளிடம் வந்தாள். கையில் இருந்த டீ அப்படியே ஆறிப்போயிருந்தது.

"இவ்வளவு நடந்திருக்கு," என்றாள். "அவுக உன்கிட்டத் தனியா ஒண்ணும் சொல்லலியா ஜெசி?"

"சொல்லியிருக்காங்க மதினி," என்றாள் ஜெசிந்தா. "நான் கேக்கலை."